ரேஸ் கொடுத்தால் நிற்கும் எஞ்சின்: கோளாறு கண்டறிதலை ஒரு பாடமாக்குதல்

ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் எஞ்சின் ஒரு கணம் திக்கி நின்றுவிடும். நிதானமாக முறுக்கினால் ஓடும். இந்த அனுபவம் இல்லாதவர்கள் நம்மில் குறைவு. மெக்கானிக் ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்பி, "சரியாயிடுச்சு சார்" என்று அனுப்பிவைப்பார். அவர் எதைத் திருப்பினார், ஏன் அந்தப் பக்கம் திருப்பினார் என்று நாம் கேட்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக அறிவியல் நடத்திவரும் நானும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு மாதிரி விமானம். எங்கள் பள்ளியின் தேசிய மாணவர் படை விமானப் பிரிவுக்கு நான் பொறுப்பு. மாதிரி விமானம் இயக்குவது அந்தப் பிரிவின் பயிற்சிகளில் ஒன்று. பயிற்சிக்காக வந்த விமானத்தில் 6.5 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரு வீச்சு எஞ்சின் ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். முழு வேகத்தில் நன்றாக ஓடியது. வேகத்தைக் குறைத்தால் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மீண்டும் சட்டென்று த்ராட்டிலைத் திறந்தால் உடனே நின்றது.

தரையில் இது சின்னத் தொந்தரவுதான். வானத்தில் அப்படி இல்லை. இறங்கும்போது வேகத்தைக் குறைத்துத் தாழ வருகிறோம். ஓடுபாதையின் குறுக்கே ஒரு மாடு வந்துவிட்டால் த்ராட்டிலைத் திறந்து மேலே ஏற்றி இன்னொரு சுற்று வர வேண்டும். எஞ்சின் நின்றுபோகக் கூடாத கணம் அதுதான், இந்தக் கோளாறு உள்ள எஞ்சின் நிற்பதும் அப்போதுதான். மாணவர்கள் பல வாரம் உட்கார்ந்து சரிசெய்த இறக்கைகள் அந்த விமானத்தில் இருந்தன.

கோளாறை நாங்கள் கண்டுபிடித்த விதத்தை எழுதுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இதை வகுப்பறையில் செய்ய வேண்டாம். இந்த எஞ்சினின் எரிபொருள் மெத்தனால். உள்ளே போனால் பார்வையையும் உயிரையும் பறிக்கும். தோல் வழியாகவும் உடலில் சேரும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. புரொப்பெல்லர் சுழலும்போது அதன் விளிம்பும் தெரியாது. எங்கள் திடலில் எஞ்சினைக் கிளப்பியவர் பயிற்சி பெற்ற பயிற்சியாளர். திருகாணியைத் தொட்டது நான், அதுவும் புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, கண்ணாடி அணிந்து. மாணவர்கள் விமானத்துக்குப் பின்புறம், சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். புரொப்பெல்லருக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ ஒருவரும் நிற்கக் கூடாது என்பதில் எந்தத் தளர்வும் கிடையாது.

இந்த எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் இல்லை. அதற்குப் பதில் குளோ பிளக். உள்ளே பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருள் இருக்கும். கிளப்பும்போது 1.5 வோல்ட் பேட்டரியால் அதைச் சிவக்க வைப்போம். ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். ஒவ்வொரு எரிதலின் வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டு வினைபுரியும்போது வெளிப்படும் வெப்பமும் சுருளைக் கனலாகவே வைத்திருக்கும். வினையூக்கி பற்றிய பாடத்தில் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு இது. பிளாட்டினம் ஹைட்ரஜனைப் பற்றவைப்பதை டோபரைனர் 1823இல் காட்டினார். மாதிரி எஞ்சின்களுக்கான குளோ பிளக்கை அமெரிக்கரான ரே ஆர்டன் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கண்டறியப்பட்ட ஒன்றுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும் புதிய பயன் கிடைக்கலாம் என்று சொன்னால் ஒன்பதாம் வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது.

காற்றும் எரிபொருளும் கலக்கும் இடம் கார்புரேட்டர். நடுவில் துளையுள்ள ஓர் உருளை அதற்குள் திரும்பும். அதுதான் த்ராட்டில். குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அதனால் எரிபொருள் மேலேறித் தெளிக்கப்படுகிறது. பெர்னௌலி தேற்றம் என்று மேல்நிலை வகுப்பில் நடத்துவது இதைத்தான். முழு வேகத்துக்கான எரிபொருளை ஓர் ஊசித் திருகு கட்டுப்படுத்தும். குறைந்த வேகத்துக் கலவைக்குத் தனியாக இன்னொரு சிறு திருகாணி உண்டு. எங்களைப் படுத்தியது அந்தச் சிறு திருகாணிதான்.

த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகிறது? காற்று எடையற்றது போல உடனே பாய்ந்துவிடுகிறது. குழாயில் நிற்கும் எரிபொருள் கனமானது, நகர ஆரம்பிக்கச் சற்று நேரம் எடுக்கும். அந்த ஒரு கணத்தில் கலவையில் எரிபொருள் போதவில்லை. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட, குறைந்த வேகத்திலேயே கலவையில் எரிபொருள் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் திறந்தவுடன் எஞ்சின் சத்தமே இல்லாமல் அணைந்துவிடும். மிகவும் கூடினால் வேறு விதம். குறைந்த வேகத்தில் ஓடும்போதே எரிபொருள் உள்ளே தேங்கி, எஞ்சின் மெல்ல மெல்லத் தளரும். திறந்தால் இருமிக்கொண்டு புகையைக் கக்கி, தாமதமாக வேகமெடுக்கும். இரண்டுக்கும் நாம் சொல்லும் பெயர் ஒன்றே: "பிக்கப் இல்லை". ஆனால் இவற்றுக்கான மருந்துகள் ஒன்றுக்கொன்று எதிரானவை.

எங்கள் எஞ்சின் சத்தமில்லாமல் அணைந்தது. ஆக எரிபொருள் குறைவு. இதுவரை என் கணிப்பு சரிதான். திருகாணியை வெளிப்பக்கம் திருப்பினால் வழி அகலும், எரிபொருள் கூடும். குழாய் அப்படித்தானே திறக்கிறது! கால் சுற்று வெளியே திருப்பினேன். முன்னைவிட வேகமாக நின்றது. போதவில்லை என்று இன்னும் கால் சுற்று. இப்போது குறைந்த வேகத்தில் ஓடவே மறுத்தது. பிளக்கை மாற்றினேன். முழு வேகத்துக்கான ஊசியையும் கொஞ்சம் திருப்பினேன். சர்வோ மோட்டாரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் கம்பியின் நீளத்தையும் மாற்றினேன். மாலை ஐந்தரை மணிக்கு எதை எவ்வளவு மாற்றினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. பயிற்சியாளர் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார் என்று பிறகுதான் புரிந்தது.

மாணவர்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தேன். ஒருவன் நேரம் எழுத வேண்டும், ஒருவன் நான் திருப்பிய அளவை எழுத வேண்டும், ஒருவன் ஓசையை எழுத வேண்டும். வேலை மிச்சமில்லாததால் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் "நீ புகையைக் கவனிம்மா" என்று சொல்லியிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவளுக்கும் ஏதாவது தர வேண்டுமே என்று தந்த வேலை அது.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நோட்டோடு வந்து நின்றாள்.

"சார், நீங்க வெளிய திருப்பத் திருப்ப புகை குறைஞ்சுகிட்டே வந்துச்சு."

"அதுக்கென்னம்மா?"

"எரிபொருள் கூடினா புகை கூடும்னு நீங்கதான் சார் சொன்னீங்க. அப்ப குறைஞ்சிருக்கு."

என் முதல் எண்ணம், இவள் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள் என்பதுதான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று முறை, மூன்றிலும் அதே போக்கு. மாலை கார்புரேட்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அதன் முன்பக்கத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு துளை தெரிந்தது. அந்தத் திருகாணி எரிபொருள் வழியில் இல்லை. காற்றுத் துளையின் மேல் இருந்தது. வெளியே திருப்பினால் கூடுவது காற்று. நான் நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாதிரி எஞ்சின் கார்புரேட்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குறைந்த வேகத் திருகாணியும் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் ஊசிதான். உள்ளே திருப்பினால் எரிபொருள் குறையும். இன்னொன்று எங்களிடம் இருந்த காற்றுத் துளை வகை. உள்ளே திருப்பினால் காற்று குறையும், அதனால் கலவையில் எரிபொருள் மிகும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரியான பித்தளைத் திருகாணிகள். இது வெறும் செய்தி. தெரிந்தவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால் நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பிறகு முறையாகத் தொடங்கினோம். மாற்றிய எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். முதலில் எஞ்சின் ஓடாத நிலையில், த்ராட்டில் முழுதாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்தோம். அடுத்து முழு வேகத்துக்கான ஊசி. இதுதான் முதலில் வர வேண்டும், குறைந்த வேகத்துக்கு வரும் எரிபொருளும் அதன் வழியாகவே வருகிறது. சுழற்சி உச்சத்தைத் தொடும் வரை ஊசியை உள்ளே திருப்பி, அங்கிருந்து இரண்டு மூன்று கிளிக் வெளியே எடுத்து, உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினோம். விமானத்தின் மூக்கை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபோதும் சத்தம் தளரவில்லை. இதற்கெல்லாம் பிறகுதான் அந்தச் சிறு திருகாணி.

அதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போது, கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் குழாயை அழுத்திப் பிடிக்க வேண்டும். வேகம் சற்று ஏறிப் பிறகு நின்றால் எரிபொருள் மிகுதி. ஏறாமல் உடனே நின்றால் பற்றாக்குறை. ஏறியும் ஏறாததுமாகச் சில விநாடிகள் ஓடி நின்றால் ஏறக்குறைய சரி. எதையும் திருப்பாமல் தெரிந்துகொள்ள முடிவது இதன் சிறப்பு. கணிப்பை நோட்டில் எழுதச் சொன்னேன், அதன் பிறகே குழாயைப் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு முறையும் அரைக்கால் சுற்று மட்டும் உள்ளே. அரை நிமிடம் குறைந்த வேகத்தில் விட்டு, சட்டென்று திறந்து பார்ப்போம். மூன்றாவது அரைக்காலில் எஞ்சின் திக்காமல் எகிறியது. மாணவர்கள் கத்திய சத்தத்தில் தலைமையாசிரியர் வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஐந்தாறு நிமிடம் ஓடியதும் பழையபடி திக்கியது. முழு வேகத்திலும் சத்தம் தளர்ந்தது. ஊசியை இரண்டு கிளிக் வெளியே எடுத்தேன், டேங்க்கை நிரப்பினோம், மறுபடி ஓட்டினோம். சரியாகிவிட்டது. "ஊசிதான் காரணம்" என்று நோட்டில் எழுதச் சொன்னேன். ஐந்தாறு நிமிடத்தில் மறுபடியும் அதே தொல்லை. இன்னும் இரண்டு கிளிக், இன்னொரு முறை டேங்க் நிரப்பல், மறுபடி சரி. இப்படி மூன்று முறை நடந்த பிறகு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், ஊசியைத் திருப்பாம டேங்க் மட்டும் நிரப்பிப் பார்க்கலாமா?"

பார்த்தோம். சரியாகிவிட்டது. ஊசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

எங்கள் அட்டவணையில் திருகாணி, ஓசை, புகை, நேரம் எல்லாம் இருந்தன. டேங்க்கில் எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்ற பத்தி இல்லை. அதைச் சேர்த்ததும் விடை தானாக விழுந்தது. டேங்க் ஏறக்குறைய பாதியான பிறகுதான் ஒவ்வொரு முறையும் தொல்லை. அந்த நேரத்தில் ஒளி ஊடுருவும் எரிபொருள் குழாயை உற்றுப் பார்த்தால் சிறு குமிழிகள் வரிசையாக ஓடின. எஞ்சினை நிறுத்தி, எரிபொருளை வடித்து, டேங்க்கைக் கழுவினோம். உள்ளே இருக்கும் வளைகுழாயை நீரில் அமிழ்த்தி சிரிஞ்சால் காற்றைச் செலுத்தினேன். (வாயால் ஊதாதீர்கள், மெத்தனால் பட்ட குழாய் அது.) மூடிக்கு அருகில் மயிரிழை போல ஒரு கீறல். டேங்க் நிறைந்திருக்கும்போது கீறல் எரிபொருளுக்குள் மூழ்கியிருக்கிறது, அதனால் உறிஞ்சினாலும் எரிபொருள்தான் வரும். மட்டம் கீறலுக்குக் கீழே இறங்கியதும் அது காற்றை இழுக்கிறது. இரண்டங்குலக் குழாயை மாற்றியதும் முடிந்தது.

சார்பற்ற மாறி, சார்ந்த மாறி, மாறாமல் வைக்க வேண்டியவை என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஊசியைத் திருப்புவதும் டேங்க்கை நிரப்புவதும் ஒரே நேரத்தில் நடந்ததால் இரண்டில் எது காரணம் என்று சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. தேர்வில் கேட்டால் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவேன். கையில் திருப்புளி இருந்தபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி வகுப்பறைக்கு வருவோம். எஞ்சின் இல்லாமல் இதை எப்படிக் கொண்டுசெல்வது?

ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு இரண்டு உறிஞ்சுகுழல்களும் ஒரு டம்ளர் நீரும் போதும். ஒன்றை நீரில் செங்குத்தாக நிறுத்தி, இன்னொன்றால் அதன் மேல்வாய்க்குக் குறுக்கே பலமாக ஊதினால் நீர் ஏறித் தெளிக்கும். கார்புரேட்டரின் அடிப்படை இதுதான். வழக்கமாக நாம் இதோடு நிறுத்திவிடுகிறோம். இன்னும் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஊதத் தொடங்கியதற்கும் முதல் துளி பறப்பதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. காற்று முதலில், நீர் பிறகு. எங்கள் எஞ்சின் அணைந்துபோனது அந்த இடைவெளியில்தான். டம்ளரில் நீர்மட்டத்தைக் குறைத்தால் அந்த இடைவெளி நீளுவதையும் பார்க்கலாம்.

பத்தாம் வகுப்பில் மோல் கணக்கு நடத்தும்போது மெத்தனாலை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மோல் மெத்தனால் முழுமையாக எரிய மூன்று மோல் ஆக்சிஜன் வேண்டும். அதாவது 64 கிராமுக்கு 96 கிராம். காற்றின் நிறையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 23 விழுக்காடு என்பதால் காற்று சுமார் 417 கிராம். வகுத்தால், ஒரு கிராம் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.5 கிராம் காற்று. பெட்ரோலுக்கு இது சுமார் 14.7. அதே அளவு காற்றுக்கு மெத்தனால் இருமடங்குக்கு மேல் செலவாவதை மாணவர்களே கணக்கிட்டுவிடுகிறார்கள். டேங்க் ஏன் அவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒலி பாடத்துக்கும் இது உதவும். இரு வீச்சு எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிகிறது. நிமிடத்துக்கு 10,800 சுற்று என்றால் 180 ஹெர்ட்ஸ். இரண்டு இதழ் புரொப்பெல்லர் அதன் இருமடங்கு அதிர்வெண்ணை எழுப்பும். பதிவு செய்த ஓசையை ஃபைஃபாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் போட்டால் அதிர்வெண்ணைப் பார்க்கலாம். எங்கள் பயிற்சியாளர் ஒளியால் அளக்கும் சுழற்சிமானியை ஆய்வகத்தின் பழைய டியூப்லைட்டை நோக்கிப் பிடித்துக் காட்டினார். 3,000 என்றது. அறையில் சுழல்வது எதுவும் இல்லை! 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. நிமிடத்துக்கு 6,000. இரண்டு இதழ் என்று கருவி இரண்டால் வகுத்துவிடுகிறது. இதை விடுகதையாகக் கொடுத்து ஒரு வாரம் விட்டுவிட்டேன். நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள்.

கோளாறு கண்டறிதலுக்கென்றே தொடக்கப் பள்ளியிலும் செய்யக்கூடிய ஒன்று டார்ச். ஐந்து டார்ச் வேண்டும். கிடைக்காவிட்டால் பேட்டரி ஹோல்டர், சுவிட்ச், எல்.இ.டி. வைத்து ஐந்து சுற்றுகள் செய்துகொள்ளலாம். ஒன்றில் ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போடுங்கள். ஒன்றில் தீர்ந்துபோன பேட்டரி. ஒன்றில் சுருள்வில்லின் மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாத் துண்டு. ஒன்றில் எரிந்துபோன விளக்கு. குழுவுக்கு ஒன்று. விதிகள் மூன்று: தொடுமுன் எது காரணமாக இருக்கலாம் என்று எழுத வேண்டும், ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான் செய்யலாம், பயன் இல்லாவிட்டால் மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றாவது விதியைக் கடைப்பிடிப்பதுதான் பிள்ளைகளுக்குக் கடினம், எனக்கும் அப்படியே இருந்தது. "தெரியவில்லை, இன்னொரு சோதனை வேண்டும்" என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் முதல் நாள் ஒருவரும் அப்படி எழுத மாட்டார்கள்.

ஐந்தாவது டார்ச்சில் எந்தக் கோளாறும் வைக்க வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்துக் கொடுங்கள். எங்கள் வகுப்பில் அதை வாங்கிய குழு பேட்டரிகளைக் கழற்றி, விளக்கைத் துடைத்து, சுருள்வில்லை இழுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் "சரிசெய்துவிட்டோம் சார்" என்று எரியவைத்துக் காட்டியது. என்ன கோளாறு என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். நான்காவது மாணவன் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "முதல்ல சுவிட்சைப் போட்டுப் பார்க்கவே இல்லை சார்" என்றான்.